மதகின் திறவுகோல்

துர்க்காஷ்டமி அன்று சாயங்காலம் ஸ்ரீகண்டன் தன் நாடகத்தின் கையெழுத்துப் பிரதியைத் தானே எடுத்துவந்து பூஜைப் பலகையில் வைத்தார்.

குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விஜயம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதென்ன, இந்த வருஷம் நீங்களே வந்துட்டேள்?"

"வெக்கக்கூடாதோ?"

"வெக்கலாம். வருஷா வருஷம் நான் கெஞ்சி ஒரு புஸ்தகம் வாங்கி வெப்பேன். மறுநாளே அதையும் வேணும்னு வந்து நிப்பேள். இத்தனை பக்தி எப்போ வந்ததுன்னு கேட்டேன்."

"இப்போதான் வந்தது. போறும், கொஞ்சம் தள்ளிக்கோ."

பலகையில் ஏற்கனவே பாராயணப் புத்தகமும் பஞ்சாங்கமும் அவர் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் பௌதிகப் பாடப்புத்தகமும் இருந்தன. ஓரத்தில் மரச்சட்டம் போட்ட சின்ன சிலேட்டு. அது அவர்கள் பிள்ளை அப்புவுடையது. அப்பு போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் விஜயம் அதைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிப் பூஜைக்கு வைப்பாள். தசமியன்று எடுத்து மறுபடி பரணில் வைப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வேறு இடம் இல்லாததால் ஸ்ரீகண்டன் பிரதியை அந்தச் சிலேட்டின் மேல் வைத்தார். சிலேட்டின் ஈரம் இன்னும் காயவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பூஜை வைத்துவிட்டால் தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை வலியசாலைத் தெருவில் ஒருவரும் ஓர் எழுத்து வாசிக்க மாட்டார்கள், எழுத மாட்டார்கள். தபாலில் வந்த கடிதத்தை உறை பிரிக்காமல் சுவாமி முன்னால் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அந்தத் தெருவில் உண்டு. ஸ்ரீகண்டனுக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சேஷனுக்கு உண்டு. ஸ்ரீகண்டனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சேஷன் வக்கீல் குமஸ்தா. தெருவின் நாடக சபைக்குக் காரியதரிசி. நாடகம் விஜயதசமி சாயங்காலம், கோவிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில். மூன்று வாரமாக ஒவ்வொரு ஒத்திகையும் ஒரே சண்டையில் முடிந்துகொண்டிருந்தது.

"ஓய், கடைசியில் குழந்தை எழுந்திருக்கணும்" என்பார் சேஷன்.

"செத்துப்போன குழந்தை எப்படி ஓய் எழுந்திருக்கும்?"

"சுவாமி வருவார். எழுப்புவார். மங்களம் பாடுவோம். திரை விழும். எந்த நாடகத்தில் இது இல்லை?"

"இதில் இல்லை."

"விஜயதசமியும் அதுவுமா, பொம்மனாட்டிகள் குழந்தை குட்டிகளோட வந்து உக்காந்திருப்பா. அவாளுக்குப் பொணத்தைக் காட்டி, போயிட்டு வாங்கோன்னு ஆத்துக்கு அனுப்பறதோ? மங்களம் பாடாமத் திரை விழப்படாது, கேட்டீரோ. நீர் மாத்தலைன்னா நானே உக்காந்து மாத்தி எழுதறேன். நாலு வரிதானே."

சேஷன் சொன்னால் செய்கிறவர். பிரதி ஒன்றுதான் இருந்தது. அது அவர் கையில் கிடைத்தால் ஒரே ராத்திரியில் சுவாமி வந்துவிடுவார். பூஜையில் இருக்கும் பிரதியைச் சேஷன் தொட மாட்டார். தசமி காலையில் எடுத்தால் சாயங்காலம் நாடகம். மாற்ற நேரம் இருக்காது. இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு, ஸ்ரீகண்டன் கொஞ்சம் சந்தோஷமாகத் தூங்கினார்.

நாடகத்தின் கதை சின்னது. ஒரு ராஜா பெரிய ஏரி வெட்டிக் கரை எழுப்புகிறான். ஒரு நாள் பேய்மழை. மதகைத் திறக்காவிட்டால் கரை உடையும். மதகின் திறவுகோல் அரண்மனையில் இருக்கிறது. தானே போய்த் திறக்கிறேன் என்கிறான் ராஜா. அவனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியன் எப்போதோ சொன்னது ராணிக்கு நினைவு வருகிறது. அவள் திறவுகோலை ஒளித்துவிடுகிறாள். ராஜா தேடுகிறான். அவன் தேடுவதைப் பார்த்து, மதகை மூடியிருக்கும் பலகையைக் கையாலேயே தூக்கிவிடலாம் என்று நினைத்து, அவர்களுடைய சின்னப் பிள்ளை ஒருவருக்கும் தெரியாமல் ஏரிக்கு ஓடுகிறான். கரை உடைகிறது. கடைசிக் காட்சியில், பிள்ளையைக் கிடத்தியிருக்கும்போது, ராணி திறவுகோலைக் கொண்டுவந்து ராஜாவின் காலடியில் வைக்கிறாள். ராஜா அவளிடம் சில வார்த்தைகள் சொல்கிறான்.

அந்தச் சில வார்த்தைகளுக்காகத்தான் ஸ்ரீகண்டன் மற்றதை எல்லாம் எழுதினார். ராஜா வேஷத்தையும் அதற்காகவேதான் தானே எடுத்துக்கொண்டார்.

அப்புவுக்கு வந்தது டைபாய்டு. பார்லித் தண்ணீர் தவிர வேறு ஒன்றும் வயிற்றுக்குள் போகக்கூடாது, போனால் குடல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பு பசி பசி என்று அழுதான். பிறகு அழத் தெம்பில்லாமல் முனகினான். ஒரு நாள் முன்னிரவில் கால் கழுவப் போன ஸ்ரீகண்டன், கிணற்றடியில் அப்புவின் சின்னப் பித்தளைத் தட்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு இட்லி ஒட்டியிருந்தது. தட்டைத் தொடாமல் உள்ளே வந்துவிட்டார். மறுநாள் குழந்தையின் வயிறு வீங்கியது. அதற்கடுத்த நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

விதி என்றார்கள் வந்தவர்கள். பகவான் கொடுத்தான், எடுத்துக்கொண்டான் என்றார்கள். விஜயம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அந்த வீட்டில் இட்லி வார்ப்பதில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து வேறொரு டாக்டரிடம், யாருடைய குழந்தைக்கோ நடந்தது போல, விசாரித்தார். அதனாலும் இருக்கலாம், அது இல்லாமலும் அந்தக் கட்டத்தில் குடல் தானாகவே கிழிவதுண்டு, யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விஜயத்திடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். வாசற்படி ஏறியதும் முடியவில்லை. உன்மேல் குற்றமில்லை என்று சொல்வதற்கு, தட்டைப் பார்த்தேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மன்னிப்பதற்கு முன்னால் குற்றம் சாட்ட வேண்டும். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஆகவே ஒரு ராஜா, ஒரு ராணி, ஓர் ஏரி. விஜயம் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ராஜா சொல்லுவான். அவள் கேட்பாள். வீட்டுக்கு வந்து ஒருவரும் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

நவமியன்று மத்தியானம் குற்றாலலிங்கம் வந்து வாசலில் நின்றான். ராணி வேஷம் அவனுக்குத்தான். சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் இருக்கிறான். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டுக்கொண்டிருந்தவன். திருநெல்வேலிக்காரன்.

"சாமி, கடைசி சீன் பாடத்தை மட்டும் ஒரு தடவை கண்ணால பாத்துட்டுக் குடுத்துருதேன்."

மற்றக் காட்சிகளை எல்லாம் அவரவருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கடைசிக் காட்சியைத்தான் ஸ்ரீகண்டன் மாற்றி மாற்றி எழுதினார். அது பிரதியில் மட்டும் இருந்தது.

"பூஜையில இருக்கு."

"தெரியும் சாமி. ஒரு பக்கந்தான."

"தொடப்படாது."

குற்றாலலிங்கம் அவரை உற்றுப் பார்த்தான். "உங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதும்பாவளே."

"யார் சொன்னது?"

"சேஷன் சாமிதான்."

இவனுக்குக் காட்டினால் சேஷனுக்குத் தெரிந்துவிடும். பூஜை கலைந்துவிட்டது என்று அவரும் வந்து கேட்பார். ஸ்ரீகண்டன் தலையை ஆட்டி மறுத்தார்.

"எனக்குக் காதால கேட்டா நிக்காது சாமி. கண்ணால எழுத்தைப் பாக்கணும். கம்பெனிலயே அப்படித்தான். வாத்தியார் அடிச்ச அடி இன்னும் முதுகுல கெடக்கு."

"நாகேஸ்வரன்தான் பிரதியை வெச்சுண்டு பின்னால நின்னு வசனம் எடுத்துக் கொடுக்கப் போறாரே. என்ன பயம்? நான் வாயால சொல்றேன், கேட்டுக்கோ."

சொல்ல ஆரம்பித்தார். உள்ளே விஜயத்தின் வளையல் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினார். அவள் இப்போதே கேட்டுவிடக்கூடாது. நாளைக்கு, கூட்டத்தில், வேறு யாருக்கோ சொல்வது போலத்தான் கேட்க வேண்டும். பாதி வசனத்தை விழுங்கி, மீதியை முணுமுணுத்து முடித்தார்.

"புரிஞ்சுதா?"

"ஒரு மாதிரி" என்றான் குற்றாலலிங்கம். அவன் முகத்தில் ஒன்றும் நின்றதாகத் தெரியவில்லை. ஸ்ரீகண்டனுக்கு அலுப்பாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தசமி காலையில் அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். பூஜை எடுத்ததும் விஜயம் பிரதிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பட்டுத்துணியில் சுற்றி, வந்து நின்ற நாகேஸ்வரனிடம் கொடுத்தனுப்பினாள். பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நாடகம் நன்றாகத்தான் போனது. கொட்டகை நிறைந்திருந்தது. நடுவில் கயிறு கட்டி ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். மேடையிலிருந்து பார்த்தால் தூணோரமாக விஜயத்தின் அரக்குப் புடவை தெரிந்தது. திறவுகோல் என்று ஒரு நெல் கிடங்கின் சாவியை இரவல் வாங்கியிருந்தார்கள். ராணி அதை முந்தானையில் முடிந்துகொண்டபோது பெண்கள் பக்கத்திலிருந்து, "அடிப்பாவி, வேண்டாம்டீ" என்று ஒரு குரல் எழுந்தது. சிலர் சிரித்தார்கள். விஜயம் சிரிக்கவில்லை. அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஸ்ரீகண்டன் நினைத்தார். இன்னும் கொஞ்சம்தான்.

கடைசிக் காட்சி. சேஷனின் பிள்ளை, இறந்த ராஜகுமாரனாக, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். குற்றாலலிங்கம் தலைமுடியை விரித்துக்கொண்டு, இரண்டு கையிலும் சாவியை ஏந்தி, மெல்ல நடந்துவந்தான். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. அவன் நடை அவ்வளவு நன்றாக இருந்தது.

"நாதா" என்றான். "இதோ..."

நின்றுவிட்டான்.

"இதோ..." என்றான் மறுபடியும். கண் பக்கத்துப் படுதாவைத் தேடியது.

படுதாவுக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நாகேஸ்வரன் எடுத்துக் கொடுக்கவில்லை. "ஒண்ணும் தெரியலையே ஓய்" என்று அவர் முணுமுணுத்தது ஸ்ரீகண்டன் காதில் விழுந்தது.

இதோ திறவுகோல், இதை ஒளித்தவள் நான். இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. அதை ஸ்ரீகண்டனே அவன் காதோரம் குனிந்து சொல்லிவிடலாம் என்று ஓர் அடி எடுத்துவைத்தார். அதற்குள் குற்றாலலிங்கத்தின் முழங்கால் மடிந்துவிட்டது. கம்பெனியில் எத்தனையோ ராத்திரி மடிந்த முழங்கால். கை தானாகக் குவிந்தது. கழுத்து தானாக மேலே நிமிர்ந்தது.

"அனந்தசயனா! ஆபத்பாந்தவா! அபலைக்கு வேறு கதி ஏது!"

பாதித் தூக்கத்திலிருந்த ஹார்மோனியக்காரர் திடுக்கிட்டு எழுந்து சுருதியை அமுக்கினார். குற்றாலலிங்கம் பாட ஆரம்பித்தான். குரல் இன்னும் கெடாத குரல். இந்த மாதிரிப் பாட்டு வந்தால் செத்தவர்கள் எழுந்திருக்க வேண்டும் என்பது, பிறந்ததிலிருந்து நாடகம் பார்த்துவரும் சேஷனின் பிள்ளைக்குத் தெரியும். அவனைக் கொசுவும் கடித்துக்கொண்டிருந்தது. துணியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

கொட்டகை அதிர்ந்தது. சேஷன் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார். எங்கே தயாராக வைத்திருந்தாரோ. மங்களம் பாடினார்கள். ராஜா நடுவில் நின்றார். அவர் வாயில் அந்த வார்த்தைகள் இருந்தன. குழந்தை எதிரே உட்கார்ந்து கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. யாரை எதற்காக மன்னிப்பது?

பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரக்குப் புடவை தெரியவில்லை.

"ஓய், நீர் பலே ஆள்!" சேஷன் அவரைக் கட்டிக்கொண்டார். "மாத்த மாட்டேன் மாத்த மாட்டேன்னு கடைசிவரை என்னை ஏச்சுப்பிட்டு, பூஜையில வெச்சு மறைச்சீரே! எனக்குக்கூடக் கண்ணுல ஜலம் வந்துடுத்து."

குற்றாலலிங்கம் புடவையோடு மூலையில் நின்றான். "மன்னிச்சுக்கிடுங்க சாமி. ஒரு தடவை பாக்க விட்டிருந்தீங்கன்னா..."

"சாரமில்லை, போனால் போறது. போய் வேஷத்தைக் கலை."

நாகேஸ்வரன் பிரதியை நீட்டினார். கடைசித் தாளில் எழுத்தே இல்லை. நீலமாக ஒரு கறை, நாலு பக்கமும் நேர்கோடாக. சட்டத்தின் தடம் பதிந்திருந்தது. ஸ்ரீகண்டன் அதைப் பார்த்ததும் என்னவென்று தெரிந்துகொண்டார். பௌதிக வாத்தியார் அல்லவா. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போனார். மை கரைந்தது ஈரத்தால். ஈரம் சிலேட்டிலிருந்து. சிலேட்டின் மேல் வைத்த கை தன் கை. வைத்தது, கடைசிக் காட்சியைக் காப்பாற்றுவதற்காக. இதையே மேடையில் ஒரு ராணி செய்தாள். ஏரிக்கரை உடைந்தது. தான் எழுதிய நாடகத்தைத் தானே படிக்கவில்லை போலிருக்கிறது. சிரிக்கலாம் என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை.

வீட்டுக்குப் போனபோது விஜயம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

காலையில் சமையலறை வாசலில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்தார். விஜயம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சிலேட்டு இன்னும் பரணுக்குப் போகவில்லை. அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தது.

"நாடகம் ரொம்ப நன்னாருந்ததுன்னு எல்லாரும் சொல்றா" என்றாள்.

"ம்."

"எனக்கு ஒண்ணுதான் புரியலை. சாவியை யார் ஒளிச்சான்னு ராஜா கேக்கவே இல்லையே?"

"அதான் குழந்தை எழுந்துட்டதே. அப்புறம் கேட்டு என்ன?"

"இருந்தாலும் கேட்டிருக்கணும், அல்லே? அந்த ராணி அதை வெச்சுண்டு எப்படித் தூங்குவா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதினபோது இருந்தது. கடைசியில அவளே கொண்டுவந்து கொடுப்பா. ராஜா பதில் சொல்லுவான். நேத்திக்கு அது வரலை."

"என்ன சொல்லுவான்?"

மாதக்கணக்கில் மெருகு போட்ட வார்த்தைகள். சமையலறையில், புகையில், அந்த ராஜாவின் தமிழ் வாயில் ஏற மறுத்தது. வகுப்பில் பேசுகிற மாதிரிதான் வந்தது.

"அவ சாவியை ஒளிச்சதுதான் காரணம்..."

விஜயத்தின் கை நின்றது. அவள் திரும்பவில்லை. தோசை ஓரம் சிவந்துகொண்டிருந்தது.

"முழுக்கக் கேளு" என்றார் அவசரமாக. "காரணம்னா அவ்வளவுதான். அது இல்லாமலே கரை உடைஞ்சிருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. டாக்டரே..." நிறுத்தினார். நாடகத்தில் டாக்டர் கிடையாது. "அவ பிரியத்தாலே பண்ணினது. அவமேல குத்தமில்லை. ராஜாவுக்கு அது முதல்லேயே தெரியும். சொல்லத்தான் தெரியலை. இத்தனை நாள்."

தோசை கருகும் வாசனை வந்தது. விஜயம் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை கிளம்பியது.

"அரை இட்லிதான் கொடுத்தேன்" என்றாள்.

"தெரியும். கிணத்தடியில தட்டைப் பார்த்தேன்."

"நீங்க பார்த்தேள்னு எனக்கும் தெரியும். காலம்பற தட்டு வெச்ச இடத்துல இருந்தது. பக்கத்துல ஈரமண்ணுல உங்க கால்தடம் வந்து, திரும்பிப் போயிருந்தது."

தெருவில் யாரோ, நேற்றைய மங்களத்தை முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். விஜயம் புடவைத் தலைப்பால் சிலேட்டின் சட்டத்தைத் துடைத்தாள். அதில் நீல மை ஒட்டியிருந்தது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

"சர்க்கரை தொட்டுண்டு வேணும்னு கேட்டான்" என்றாள். "டாக்டர் கூடாதுன்னிருக்காரேன்னு அதை மட்டும் நான் கொடுக்கலை."